பதினாறு பேருக்கு ஒரு பாட்டு

அத்தியாயம் 11

சாவித்ரி கணவனோடு பேசி ஒன்பது நாள் ஆகிவிட்டது.

"ஹம்ஸினி, உங்கப்பாகிட்ட சொல்லு. கீசரை அணைக்காம வந்திருக்கார்."

சந்தானம் நாலடி தூரத்தில்தான் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு நின்றார். பாதி பட்டனோடு போய் அணைத்துவிட்டு வந்தார்.

"அம்மா, நக்கோ! நேனேமன்னா போஸ்ட்மேனா?" என்றாள் ஹம்ஸினி, போனிலிருந்து தலையெடுக்காமல். கல்லூரியில் இரண்டாம் வருஷம். வீட்டில் தமிழ் காதில் விழும், வாயில் தெலுங்குதான் முதலில் வரும்.

"தமிழ்ல பேசுடி."

"நான் போஸ்ட்மேன் இல்லை. போதுமா? இன்னைக்கு ஆபீஸ்ல உங்க மீட்டிங்ல யார் தபால் கொண்டுபோவாங்க? அதைச் சொல்லு."

அதுதான் சாவித்ரிக்கும் புரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பாலாநகரில் ஒரே ஆலை. அவள் இன்ஸ்பெக்‌ஷன், அவர் ஸ்டோர்ஸ். போதாக்குறைக்கு ஆலையின் பித்தளை வாத்தியக் குழுவில் அவர் பேண்ட் மாஸ்டர். அவள் மடியில் வைத்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழலான யூஃபோனியம் வாசிப்பவள், நோட்ஸ் அலமாரியின் சாவியும் அவளிடம்தான். ஜனவரியில் செகந்திராபாத்தில் பொதுத்துறை பேண்டுகளின் போட்டி. ஒரு அணிவகுப்பு மார்ச், ஒரு குழுப் பாட்டு, ஒருவர் தனியாக நின்று வாசிக்கும் சோலோ ஒன்று. முதல் இரண்டும் முடிவாகிவிட்டன. சோலோவுக்கு எந்தப் பாட்டு, யார் வாசிப்பது என்று இன்று மாலை ஐந்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

போன வருஷ சோலோ குழுவில் மூத்தவரான கிட்டு சாருக்குப் போனது. டிரம்பெட்டின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் கார்னெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, மார்பை நிமிர்த்தி, உச்ச ஸ்வரத்துக்குப் போனார் மனுஷர். எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிறீச். முதல் வரிசையில் ஜெனரல் மேனேஜர் மனைவி காதைப் பொத்திக்கொண்டதைச் சாவித்ரி பார்த்தாள். பதினோரு பேண்டுகள் வந்திருந்தன. இவர்களுக்குப் பதினோராவது இடம்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே சந்தானம் சொன்னார்: "கிட்டு சார் மார்ச்ல ரிட்டையர் ஆறார். இந்த வருஷமும் சோலோ கேட்டார். சரின்னுட்டேன்."

சாவித்ரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனவள்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குழுவில் வாசிக்கிறாள். ஒரு பேண்ட் மாஸ்டரும் யூஃபோனியத்துக்குச் சோலோ கொடுத்ததில்லை. மற்றவர்கள் கொடுக்காததில் அவளுக்குக் கோபம். இவர் கொடுக்காததில் கோபம்கூட வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. 'இல்லை' என்ற சொல்லைச் சொல்ல நாக்கு வராத மனுஷர். மாரெட்பள்ளி வீட்டில் மூன்று வாட்டர் ஃபில்டர் இருக்கிறது. வாசலில் வந்து விற்றவர்கள் மூன்று பேர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. பதினெட்டு வருஷம் கடைசி வரிசையில் நின்று பெரிய டிரம் அடித்தார். பழைய பேண்ட் மாஸ்டர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது, அந்தத் தலைவலி வேண்டாமென்று எல்லோரும் ஒதுங்க, ஒதுங்கத் தெரியாத இவர் தலையில் விழுந்தது பதவி.

இன்னொன்றும் உண்டு, அது சாவித்ரிக்கு மட்டும் தெரிந்தது. இரண்டு குளிர்காலமாக அவளுக்கு மூச்சு முன்போல் இல்லை. போன மாதம் ஹப்சிகுடாவில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தெரிந்த முகமே கிடையாது என்பதால்தான் அவ்வளவு தூரம் போனாள். ஆஸ்துமா என்றார். ஆலையின் மெடிக்கல் பிரிவுக்குத் தெரிந்தால், ஈயம் பற்றவைக்கிற சால்டர் புகை ஆகாதென்று இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து தூக்கி ஃபைல் அடுக்குகிற வேலையில் போட்டுவிடுவார்கள். இன்ஹேலரை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, நான் கிளம்பிட்டேன்."

"அவருக்குக் கண் இருக்கு மா" என்றாள் ஹம்ஸினி.

சந்தானம் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தார். சாவித்ரி நோட்ஸ் பையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனாள்.

பேண்ட் ரூம் கேண்டீனுக்குப் பின்னால் இருந்தது. பதினொரு மணிக்கே சாம்பார் வாசனை வந்துவிடும். மேஜையைச் சுற்றி நாலு பேர். சந்தானம். சாவித்ரி. கிட்டு சார், தலைக்கு மை போட்டு, மோதிரம் போட்டு, ஏற்கெனவே மேடையில் நிற்பவர் மாதிரி. நாலாவது ஆள் வெல்ஃபேர் ஆபீசர் ஃபாத்திமா. திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வாத்தியம் எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரிந்தவள், அதனால் சாவித்ரி அவளை மட்டும் மன்னித்திருந்தாள்.

"மூணு பாட்டு வந்திருக்கு" என்றார் சந்தானம், பொதுவாக மேஜையைப் பார்த்து. "ஒவ்வொண்ணா பார்த்திடலாம்."

கிட்டு சார் பளபளவென்று ஒரு தாள்கட்டை எடுத்து வைத்தார். வெளிநாட்டு அச்சு. அட்டையில் தங்க எழுத்து.

"ஆன்லைன்ல வரவழைச்சேன். கார்னெட் சோலோ. ஒரு மெட்டு, அதுக்கப்புறம் நாலு விதமா அதையே ஜோடிச்சு வாசிக்கணும். லண்டன்ல இதை வாசிச்சா எழுந்து நின்னு கை தட்டுவாளாம்."

"அங்க இதை யார் வாசிச்சாங்க சார்?" என்றாள் சாவித்ரி.

"யாரா இருந்தா என்னம்மா?"

"இல்ல, கை தட்டினது பாட்டுக்கா, வாசிச்சவருக்கான்னு கேட்டேன்."

ஃபாத்திமா குனிந்து பேனாவைத் தேடினாள். சாவித்ரி கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக, அழுகின கிழங்கைப் பொறுக்குவதுபோல் மேஜையில் போட்டாள்.

"இருபத்தேழு பேருக்கு எழுதினது இது. நாம பதினாறு பேர். இது சோப்ரானோ கார்னெட். நம்மகிட்ட இருக்கா? இல்லை. இது ஃப்ளூகல் ஹார்ன். இருந்தது, மூணு வருஷமா வால்வு ஒட்டிக்கிட்டு அலமாரி மேல கிடக்கு. டெனர் ஹார்ன் மூணு பேர் வேணுங்குது, நமக்கு ஒரே ஒரு சாய்குமார், அவனும் ஷிஃப்ட் மாறினா வரமாட்டான். கடைசி பக்கம் பாருங்க. சோலோ முப்பத்திரண்டு தாளக் கட்டம் மூச்சு விட இடமே இல்லாம போய், முடிவுல உச்ச ஸ்வரத்துல நிக்கணும். போன வருஷத்து உச்சத்தைவிட இது இன்னும் ஒரு படி மேல."

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."

"ஜனவரியில எல்லாருக்கும் ஜலதோஷம் வரும் சார். அதை மாத்தி வைக்கச் சொல்லி போட்டி நடத்தறவங்களுக்கு எழுதலாமா?"

கிட்டு சார் சந்தானத்தைப் பார்த்தார். சந்தானம் ஜன்னலைப் பார்த்தார். பார்க்கமாட்டாரா என்ன என்று நினைத்துக்கொண்டாள் சாவித்ரி. ஜன்னல் இல்லாத ரூமாக இருந்தால் சுவரைப் பார்த்திருப்பார்.

இரண்டாவது பாட்டு, யாரோ ஆறு சினிமா மெட்டுகளை வரிசையாக ஒட்டவைத்தது.

"இது சோலோ இல்லை, கல்யாண ஊர்வலம். குதிரை எங்கே?" என்று தள்ளினாள். அது முடிந்தது.

மூன்றாவது, ஒரு காக்கி உறை. உள்ளே கையால் எழுதின தாள்கள். பேர் இல்லை.

"யார் கொடுத்தது?" என்றாள் ஃபாத்திமா.

"பாட்டு போடற பெட்டியில கிடந்தது" என்றார் சந்தானம். "விதிப்படி யார் வேணாலும் போடலாம்."

சாவித்ரி முதல் தாளைப் பிரித்தாள். மெதுவான பாட்டு. மூன்று நிமிஷம் இருக்கும். யூஃபோனியம் சோலோ. அந்த வார்த்தையைப் பார்த்ததும் ஒரு கணம் விரல் நின்றது. கீழே வாத்தியங்களின் பட்டியல்: எண்ணினாள், சரியாகப் பதினாறு. ஒரு டெனர் ஹார்ன்தான். ஃப்ளூகல் இல்லை. யாரோ இந்தக் குழுவை உட்கார்த்தி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான்.

இரண்டாவது தாளில் ஏழாவது கட்டத்துக்கு நம்பர் போட்டிருந்தது. ஏழின் குறுக்கே சின்னதாக ஒரு கோடு.

அப்படி ஏழு போடுகிற ஆள் உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். கேஸ் புக்கிங் நம்பரிலிருந்து ஹம்ஸினியின் பிறந்த நாள் வரைக்கும் அவர் போடுகிற ஏழெல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டுத்தான் இருக்கும்.

தலை நிமிராமல் இருந்தாள். உள்ளே சுர்ரென்று ஏறியது. அப்படியா! நேருக்கு நேர் கிட்டுவிடம் முடியாதென்று சொல்லத் துப்பில்லை. பெண்டாட்டிக்குத்தான் சோலோ என்று நாலு பேர் முன்னால் சொல்லவும் துப்பில்லை. பேர் போடாமல் உறையில் வைத்து, பூனை மாதிரி பெட்டியில் போட்டுவிட்டு, இவளே எடுத்து இவளே பாராட்டி இவளே வாங்கிக்கொள்ள வேண்டும். டிரம் அடித்த கை பாட்டு வேறு எழுதுகிறது!

தெரியாததுபோல் மடித்து வைத்திருக்கலாம். அவள் மடித்து வைக்கவில்லை.

"இதை எழுதினவருக்கு டிரம் அடிக்க நல்லா வரும்னு தோணுது" என்றாள் நிதானமாக. "பாட்டு வராது."

கிட்டு சார் ஹா ஹா என்று சிரித்தார். முதன்முதலாக அவளோடு சேர்ந்து சிரிக்கிற சந்தோஷம் அவருக்கு.

"எழுதியிருக்கிறதைப் பாருங்க. நாலு கட்டம் போகும், நிக்கும். நாலு கட்டம் போகும், நிக்கும். மேடு ஏற முடியாத பழைய ஆட்டோ மாதிரி. தைரியமா ஒரு வரி நீட்டி எழுத வரலை இவருக்கு. வாழ்க்கையில எதையுமே நீட்டிச் செஞ்சிருக்க மாட்டார்."

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். ஒன்பது நாளில் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"சரி, தள்ளி வைங்க" என்றார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் ஃபாத்திமா. "மத்த ரெண்டும் எப்படி இருக்கும்னு நீங்க சொல்லிட்டீங்க. இதை வாசிச்சுத்தான் காட்டுங்களேன். எனக்குத் தாளைப் பார்த்தா ஒண்ணும் புரியலை. ஒரு பக்கம் போதும்."

"வீண் வேலை."

"இருக்கட்டும் மேடம். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கே."

சாவித்ரி யூஃபோனியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். கேலி செய்கிற மாதிரியே, கொஞ்சம் இழுத்து, முதல் வரியைத் தொடங்கினாள்.

நாலாவது கட்டத்தின் முடிவில் அவளுக்கு மூச்சு வேண்டியிருந்தது. பாட்டிலும் அங்கே ஒரு இடைவெளி இருந்தது.

மறுபடி நாலு கட்டம். இரண்டாவது ஸ்வரத்திலேயே கேலி வாசிப்பிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. எட்டாவது கட்டத்தில் மார்பு இறுகுகிற நேரம், கண்ணைக் கீழ் வரிக்கு விட்டால், டெனர் ஹார்ன் வந்து மெட்டின் நுனியை வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தது. அதற்கடுத்து ஏறுகிற இடம். அவள் பயந்துகொண்டே போனாள். ஏறுவதற்கு முன்னால் ஒன்றரைக் கட்டம் ஓய்வு. யார் காதுக்கும் ஓய்வென்று படாதபடி கார்னெட்டுகள் மெல்ல நிரப்பிக்கொண்டிருக்கும். தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதின தடம்.

யாருக்காவது பொதுவாக எழுதின பாட்டே இல்லை இது. அவளுடைய மூச்சை எண்ணி எண்ணி எழுதினது.

அவள் நிறுத்தினாள். நடுத் தெருவில் யாரோ புடவையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஹப்சிகுடா வரை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போய் ஒளித்துவைத்த ஒன்றை இந்த மனுஷர், வாட்டர் ஃபில்டர் மனுஷர், பதினாறு பேருக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

"நல்லா இருந்துச்சே மேடம்" என்றாள் ஃபாத்திமா. குரல் தாழ்ந்திருந்தது.

"நல்லா இருக்கிறது வேற, போட்டிக்கு ஆகிறது வேற." வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கொக்கி விழ மறுத்தது, அடித்து மூடினாள். "இதுக்கு என் ஓட்டு கிடையாது. கிட்டு சார் கொண்டுவந்ததையே போடுங்க."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். கிட்டு சாருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"என் பாட்டையா?"

"உங்க பாட்டைத்தான். லண்டன்ல எழுந்து நின்னாங்க. இங்கேயும் நிக்கட்டும்."

சந்தானம் விண்ணப்பத்தில் ஒன்றும் எழுதாமல் ஃபைலுக்குள் வைத்தார். மீட்டிங் கலைந்தது.

மத்தியானம் பூராவும் சாவித்ரி பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் போர்டுகளைப் பார்த்தாள். ஒன்பது போர்டை நிராகரித்தாள். சாதாரண நாளில் இரண்டு அல்லது மூன்று போகும்.

நாலரைக்கு அலமாரியைப் பூட்டப் பேண்ட் ரூமுக்குப் போனபோது சந்தானம் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் விண்ணப்பம்.

"இன்னும் அனுப்பலை" என்றார். "ஃபாத்திமா அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கேன்னு சொல்லியிருக்கா."

சொல்லியனுப்ப ஹம்ஸினி இல்லை. சாவித்ரி அலமாரியைப் பார்த்துப் பேசினாள்.

"எப்போ தெரிஞ்சது?"

"போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி."

"டாக்டர் ஏதாவது..."

"டாக்டரா? டாக்டர்கிட்ட போனியா?" அவர் எழுந்துவிட்டார். பிறகு தானே மறுபடி உட்கார்ந்தார். "பதினெட்டு வருஷம் உன் பின்னாடி நின்னுதான் டிரம் அடிச்சேன் சாவித்ரி. உன் முதுகு ஏறி இறங்கறதைப் பார்த்துத்தான் எனக்குத் தாளம். இப்ப முன்னாடி நின்னாலும் அது மாறினா தெரியாதா?"

அவள் அலமாரியை இழுத்துப் பூட்டினாள்.

"அப்போ எதுக்குக் கிட்டுவுக்குச் சரின்னு சொன்னீங்க?"

"உனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு தேடினேன். அச்சுல இருக்கிறது எல்லாம் பத்து கட்டம், பன்னெண்டு கட்டம் மூச்சுப் பிடிக்கணும். அதைக் கொடுத்தா நீ மாட்டேன்னு சொல்லமாட்டே. மேடையில நின்னு திணறுவே. போன வருஷம் அவருக்கு நடந்தது உனக்கு நடக்கறதைவிட, அவருக்கே மறுபடி நடக்கட்டும்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் இது முடிஞ்சது. நாலு மாசம், பஸ்ஸுல உக்காந்து எழுதினது. குலுங்கினதுல பாதி அழிச்சு அழிச்சு..."

"பேரைப் போட்டிருக்கலாமே."

"போட்டிருந்தா நீ பிரிச்சே பார்த்திருக்க மாட்டே."

அது உண்மை. அதை ஒத்துக்கொள்ளும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

"காலையில அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினேன். அப்பவும் தள்ளி வைங்கன்னுட்டு உக்காந்திருந்தீங்க."

"நீ பேசினது பாட்டைப் பத்தி இல்லைன்னு தெரிஞ்சது. பாட்டைப் பத்தியா இருந்தா பதில் சொல்லியிருப்பேன்." விண்ணப்பத்தை அவள் பக்கம் திருப்பினார். சோலோ என்ற இடத்தில் அவள் பெயர். "கமிட்டி சொல்றது சிபாரிசுதான், முடிவு பேண்ட் மாஸ்டர் கையில. கிட்டு சாரை வரச்சொல்லி மதியமே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"இல்லைன்னு."

சாவித்ரி அவரைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்கிற வாய்ப்பைக் கிட்டுவுக்குக் கொடுத்துவிட்டாரே என்று இருந்தது.

"உனக்கு மூச்சு எவ்வளவு மோசம்? ஆஸ்துமாவா?"

"ஆமா."

"ஆலை மெடிக்கல்ல சொல்லலை?"

"சொன்னா இன்ஸ்பெக்‌ஷன் போயிடும்."

கதவருகே தொண்டைச் செருமல். கிட்டு சார் நின்றிருந்தார், தங்க எழுத்துக் கட்டை வாங்கிக்கொண்டு போக வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலையில் சாவித்ரி கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்க அந்த முகத்துக்கு இப்போது வசதி வந்திருந்தது.

"அப்போ நாலு கட்டத்துக்கு மேல மூச்சே கிடையாதா சாவித்ரிம்மா? அடடா! எனக்கு வெறும் ஜலதோஷம்தான்."

கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

"கிட்டு சார், நில்லுங்க!" சந்தானம் கத்தின கத்தலில் அலமாரி மேலிருந்த ஃப்ளூகல் ஹார்ன்கூட அதிர்ந்த மாதிரி இருந்தது. கிட்டு சார் நிற்கவில்லை.

"போகட்டும் விடுங்க" என்றாள் சாவித்ரி.

அவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து, தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். கோணலாக விழுந்தது. பிறகு காக்கி உறையிலிருந்து மூன்றாவது தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

"பதினோராவது கட்டம். பாஸ் மெட்டோடவே ஒட்டிக்கிட்டு ஏறுது. அசிங்கமா இருக்கு. அது தனியா இறங்கணும்."

"எங்கே?"

"இங்கே. கண்ணாடியைப் போடுங்க. நான் ஃபார்மைக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள திருத்தி வைங்க. தப்பான பாட்டை எல்லாம் நான் வாசிக்க மாட்டேன்."

சந்தானம் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

ஐந்து அடிக்க எட்டு நிமிஷம். சாவித்ரி விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஃபாத்திமா இருக்கும் அட்மின் கட்டடத்தை நோக்கி வேகமாக நடந்தாள். பாதி தூரத்தில் மார்பு இறுக, சைக்கிள் ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனி பஸ்கள் வாசலில் வரிசையாகக் கிளம்பத் தயாராக நின்றன. எல்லோரும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

கிட்டு சார் மட்டும் எதிர்ப்பக்கம் போனார். சிவப்புச் சிலுவை போட்ட கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மெடிக்கல் பிளாக்குக்குள் நுழைந்தார்.